உளவியல் படிக்கப் போகும் நம் பிள்ளைகளும் நாமும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – மாணவர் கல்விக் கூட்டத்தில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



மதிப்பிற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளை முடித்துவிட்டு அடுத்த வாசல் எது என்று யோசித்துக்கொண்டிருக்கும் அன்புப் பிள்ளைகளே!

இன்று எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பது பற்றியது. நம் சங்க மேடைக்கு இது புதிய தலைப்பு. மருத்துவம், சட்டம், கணக்கியல், பொறியியல் என்று பேசியிருக்கிறோம். ஆனால் சில ஆண்டுகளாக, உயர்கல்வி விண்ணப்ப நேரத்தில் எங்கள் மேசைக்கு வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளை, "எனக்கு உளவியல் படிக்கணும்" என்கிறார். சொல்லும்போது பிள்ளையின் முகம் மலர்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தாவின் முகம் சுருங்குகிறது.

அப்போது பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் மூன்று. "பைத்தியக்காரங்களுக்கு நடுவுலயா எம்புள்ள போயி நிக்கணும்?" என்பது முதல் கேள்வி. "இது நம்ம மார்க்கத்துக்கு ஒத்து வருமா?" என்பது இரண்டாவது. "படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?" என்பது மூன்றாவது. மூன்றுமே பெற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்தான். மூன்றுக்கும் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் உங்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்கப் போகிறோம்.

முதல் கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் பிறந்து வளர்ந்த தமிழர் எவருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பேராக்கில் ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911-ஆம் ஆண்டு தொடங்கிய மனநல மருத்துவமனை அது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. 'பஹாகியா' என்ற மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். ஆனாலும் நம் வீடுகளில் பிள்ளை கொஞ்சம் அடம்பிடித்தால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவது இன்னும் நின்றபாடில்லை. மனம் என்று சொன்னாலே அந்த ஓர் ஊர்தான் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் உளவியல் என்றதும் அத்தாவின் முகம் சுருங்குகிறது.

உண்மை நிலவரம் என்ன? சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய ஆய்வு, 2019-ஆம் ஆண்டில் மலேசியாவில் வயது வந்தோரில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 4.6 விழுக்காடு, அதாவது இரு மடங்கு. இந்த மண்டபத்தில் வயது வந்தவர்கள் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தால், அந்தக் கணக்குப்படி ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் எவரும் தெருவில் கூச்சல் போடுகிறவர் அல்லர். சட்டை இஸ்திரி போட்டு, தலை சீவி, ஜும்ஆவுக்கு வந்து, நம்மோடு சலாம் சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போகிறவர்கள். வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, யாரிடமும் சொல்லவும் முடியாது.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சுங்கை பெசார், இந்தப் பக்கம் ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா. இங்கெல்லாம் நம்மவர்கள் உணவுக்கடை, மளிகைக்கடை, துணிக்கடை, ரொட்டி வியாபாரம் என்று காலூன்றியவர்கள். கடை என்றால் இரவு பகல் கிடையாது. ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு வந்து, இரவெல்லாம் தே தாரேக் ஆற்றிவிட்டு, விடிந்ததும் கடை மாடியில் படுக்கும் தம்பிமார்கள் நம் கடைகளில் இருக்கிறார்கள். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, மேசை நாற்காலிகளைக் கவிழ்த்துவிட்டு, சம்பளம் கொடுக்க வழியில்லாமல், கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்த முதலாளிமார்களும் நம்மவர்கள்தான். "என்ன பாய், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, கேஸ்தான்" என்பார்கள். கேஸுக்கு மாத்திரையும் வாங்கிப் போடுவார்கள்.

இன்னும் பின்னால் போவோம். ஜப்பான்காரன் காலத்தில், 1942, 1943-ஆம் ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் – பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். சுமார் 415 கிலோமீட்டர் நீளம். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு கிடையாது. திரும்பி வந்தவர்களைப் பற்றி நம் வட்டாரத்துத் தோட்டப்புறப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நடுராத்திரியில் அலறி எழுந்து உட்காருவார்களாம். மழைச் சத்தம் கேட்டால் நடுங்குவார்களாம். என்ன நடந்தது என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்களாம். கள்ளுக்கடையிலேயே வாழ்நாளை முடித்துக்கொண்டவர்களும் உண்டு. "சயாமுக்குப் போயிட்டு வந்தவன், அப்படித்தான் இருப்பான்" என்று ஊர் சொல்லிவிட்டது.

போர், பேரழிவு போன்றவற்றைக் கண்டவர்களுக்கு ஏற்படும் இந்தப் பாதிப்புக்கு மருத்துவ நூல்களில் தனியாக ஒரு பெயர் வந்தது 1980-ஆம் ஆண்டில்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அந்த ஆண்டு வெளியிட்ட கையேட்டில் அது இடம்பெற்றது. அதற்குள் சயாம் போய் வந்தவர்களில் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று அவர்களுடைய பேரன் பேத்திகளுக்காவது கிடைக்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. கோயில், சூராவ், தமிழ்ப்பள்ளி, கடை என்று ஒரே வட்டத்துக்குள் வாழ்ந்தவர்கள், அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழ வேண்டியதாயிற்று. அந்த மாற்றம் மனத்தில் என்ன செய்தது என்று கணக்கெடுக்கவும் ஆள் வேண்டும். ஆகவே, "பைத்தியக்காரங்களுக்கு நடுவுலயா?" என்ற கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: உங்கள் பிள்ளை போய் நிற்கப் போவது நமக்கு நடுவில்.

சரி, அந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மனிதர் எப்படி நினைக்கிறார், எப்படிக் கற்கிறார், எதற்குப் பயப்படுகிறார், கூட்டத்தில் ஏன் ஒரு மாதிரியும் தனிமையில் வேறு மாதிரியும் நடந்துகொள்கிறார் என்பதையெல்லாம் ஊகமாகச் சொல்லாமல், சோதித்துப் பார்த்துச் சொல்வதுதான் உளவியல். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் என்பவர் 1879-ஆம் ஆண்டு இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். நம் முன்னோர்களின் மண்ணில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ஆம் ஆண்டு உளவியல் துறை தொடங்கியது. நம் மலேசியாவில், பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1979-ஆம் ஆண்டு தொடங்கியது. லைப்ஸிக் ஆய்வுக்கூடத்துக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து!

ஓர் எடுத்துக்காட்டு. எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். படித்த சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துவிடுகிறது. இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்று கண்டார். இதைக் கேட்டால் நம் வீட்டு ஹாபிழ் பிள்ளைகள் சிரிப்பார்கள். புதுப் பாடம் எவ்வளவு இருந்தாலும், பழைய பாடத்தை நாள்தோறும் ஓதிக் காட்டாமல் எந்த உஸ்தாதும் விடுவதில்லை. உஸ்தாது அனுபவத்தில் அறிந்ததை எப்பிங்ஹாஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுக்கக் கண் விழிக்கும் பிள்ளைகள் இருவரையும் நினைத்துக்கொள்ளட்டும்.

முதல் ஆண்டில் உளவியல் அறிமுகம், மூளையின் அமைப்பு, குழந்தை வளர்ச்சி ஆகியவற்றைப் படிப்பார்கள். கூடவே புள்ளியியல் வரும். பிள்ளைகள் பலர் அதிர்ந்து போவது இங்கேதான். "கணக்கு வராதுன்னுதானே இந்தப் படிப்புக்கு வந்தேன்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறோம். சராசரி, விலக்கம், ஒட்டுறவு என்று ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு வடிவில் கணக்கு கூடவே வரும். ஆகவே எஸ்.பி.எம். கணிதத்தைக் கைவிட்டுவிட வேண்டாம். பிறகு சமூக உளவியல், ஆளுமை, அறிதல், பணியிட உளவியல், மனநோய்கள் பற்றிய பாடம், அளவீட்டுச் சோதனைகள், ஆய்வு முறைகள் வரும். கடைசியில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து கட்டுரை எழுத வேண்டும். பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அரசுப் பல்கலைக்கழகமானால் மலாயும் நன்றாக வேண்டும்.

மனநோய்ப் பாடம் வரும் பருவத்தில் வீட்டில் ஒரு வேடிக்கை நடக்கும். பிள்ளை விடுமுறைக்கு வந்து, நன்னாவுக்கு ஒரு நோய், பெரியத்தாவுக்கு ஒரு நோய், தம்பிக்கு இரண்டு நோய் என்று பெயர் வைக்கத் தொடங்கும். தனக்கே நான்கு இருப்பதாகவும் சொல்லும். பயப்பட வேண்டாம். மருத்துவ மாணவர்களுக்கும் இது வரும், அடுத்த பருவத்தில் போய்விடும். பாடம் முறையாக ஏறிய பிறகு, யாருக்கும் அவசரப்பட்டுப் பெயர் வைக்கக் கூடாது என்பதைத்தான் பிள்ளை முதலில் கற்றுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது கேள்வி, மார்க்கம். இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டவர் ஒருவர் இருக்கிறார். சூடான் நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் மாலிக் பத்ரி. மேற்கத்திய உளவியல் கொள்கைகளை முஸ்லிம்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது என்று 1975-ஆம் ஆண்டு ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்தார். அந்தச் சிந்தனையை விரிவாக்கி 1979-ஆம் ஆண்டு நூலாகவும் வெளியிட்டார். அதே சமயம் உளவியலையே தூக்கி எறியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அவரே நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த உளவியலாளர். எது சோதனையில் நிரூபிக்கப்பட்ட அறிவு, எது ஒருவருடைய தனிப்பட்ட தத்துவம் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். கோம்பாக்கிலுள்ள மலேசிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். 2021-ஆம் ஆண்டு மறைந்தார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக.

அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்த பழைய நூல் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர் ஏறக்குறைய 850-ஆம் ஆண்டு பிறந்து 934-இல் மறைந்தவர். உடல், உள்ளம் இரண்டின் நலம் பற்றியும் ஒரு நூல் எழுதினார். மருத்துவர்கள் உடலை மட்டும் பார்த்துவிட்டு உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே குறைப்பட்டுக்கொண்டவர் அவர். கோபம், பயம், கவலை, வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து ஆராய்ந்தார். கவலையிலும், காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே தெரியாமல் வந்து அழுத்தும் கவலை வேறு என்று பிரித்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவரின் துக்கம் முதல் வகை. எல்லாம் இருந்தும் எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பவரின் நிலை இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையினரைத்தான் நம் வீடுகளில், "உனக்கு என்ன குறைச்சல்? நன்றி கெட்டதனம்" என்று ஏசிவிடுகிறோம்.

வஸ்வாஸ் என்ற சொல் நமக்குத் தெரிந்ததுதான். ஒளு எடுத்துவிட்டு, சரியாக வந்ததோ இல்லையோ என்று மறுபடி எடுப்பார். மறுபடியும் எடுப்பார். ஜமாஅத் முடிந்த பிறகும் குழாயடியில் நிற்பார். தக்பீர் கட்டிவிட்டு, நிய்யத் வந்ததா என்று கையை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவார். நாம் அவரை அதிகப் பேணுதல் உள்ளவர் என்று நினைப்போம், அல்லது கேலி செய்வோம். அவரோ உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பார். அதற்குச் சிகிச்சை உண்டு, பலன் தரும் சிகிச்சை. அந்த மனிதர் கேட்கும் மார்க்கக் கேள்வியையும் அவர் படும் மன வேதனையையும் ஒன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் எதிரில் இருந்தால், அவர் சீக்கிரம் வாய் திறப்பார். அப்படிப்பட்டவர் நம் வீட்டிலிருந்துதான் வர முடியும்.

ஓதிப் பார்ப்பது பற்றியும் கேட்பீர்கள். தாராளமாக ஓதிப் பாருங்கள். துஆ முஃமினின் ஆயுதம். ஆனால் சர்க்கரை நோய்க்கு ஓதிவிட்டு இன்சுலினையும் போட்டுக்கொள்கிறோம். நெஞ்சு வலிக்கு ஓதிக்கொண்டே தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு வண்டியை எடுக்கிறோம். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம், மனத்தின் நோயை மட்டும் விட்டுவைக்கவில்லை. ஆறு மாதம் ஜின், செய்வினை என்று அலைந்து பணத்தையும் இழந்து, பிள்ளை முற்றிப்போன நிலையில் டாக்டரிடம் வருவது நடக்கிறது. முதல் மாதத்திலேயே இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது கேள்வி, வேலை. இதில் சர்க்கரை தடவிப் பேச நாங்கள் விரும்பவில்லை. உளவியல் இளங்கலைப் பட்டம் வாங்கிய மறுநாள் ஒருவர் உளவியல் சிகிச்சையாளர் ஆகிவிட முடியாது. இதைத் தெரியாமல் சேர்ந்துவிட்டு, மூன்றாண்டு கழித்து மனம் உடையும் குடும்பங்கள் இருக்கின்றன. நான்கு வழிகளைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மருந்து எழுதிக் கொடுப்பவர் மனநல மருத்துவர். அவர் முதலில் மருத்துவம் படித்து டாக்டராகி, பிறகு அதில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். உளவியல் பட்டம் அந்த வழியில் சேராது. மருத்துவமனைகளில் மனநோயாளிகளைச் சோதித்து, பேச்சுவழிச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். அதற்கு இளங்கலைக்குப் பிறகு அந்தத் துறையில் முதுகலையும் முடிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் பதிந்துகொள்ளவும் வேண்டும். ஆலோசகர், அதாவது கவுன்சிலர், 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டத்தின் கீழ் வாரியத்தில் பதிந்து, தொழில் அனுமதிச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கு ஆலோசனைத் துறையில் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் தேவை. உளவியல் பட்டம் மட்டும் போதாது. பள்ளிக்கூட ஆலோசகர் ஆக விரும்பும் பிள்ளை, நமக்கு வடக்கே தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் படிப்புகளை முதலிலேயே பார்ப்பது நல்லது.

நான்காவது வழி, இளங்கலைப் பட்டத்தோடு வேலைக்குப் போவது. நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, சமூகநலப் பணி, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பயிற்சி மையங்கள், சந்தை ஆய்வு, அரசாங்கத்தில் உளவியல் அதிகாரி பதவி என்று வாசல்கள் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் தமிழில் பேசிப் பயிற்சி தரக்கூடியவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் என்று அந்தப் பிள்ளைகளின் தாய்மாரைக் கேளுங்கள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. "டாக்டர் சீட் கிடைக்கல, சரி இதையாவது படி" என்று அனுப்பினால் பிள்ளை சோர்ந்துவிடும். மனிதர்களைக் கேட்பதில் பொறுமையும், எண்களோடு மல்லுக்கட்டத் துணிச்சலும் உள்ள பிள்ளையை அனுப்புங்கள். முதுகலைக்கும் சேர்த்து ஐந்தாறு ஆண்டுகள் என்று இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.

சேர்வதற்கு முன், அந்தப் படிப்புக்கு எம்.கியு.ஏ. அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். விளம்பரத்தை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். பி.டி.பி.டி.என். கடன் வாங்கினால் அது கடன் என்பதை நினைவில் வையுங்கள். முதல் தரத்தில் தேறுவோருக்குத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு பெறும் வாய்ப்பு உண்டு, அதன் நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கு மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. கோலசிலாங்கூர் நகருக்கு ரயில் கிடையாது. கோம்பாக்கோ பாங்கியோ, தினமும் போய் வருவது நடக்காத காரியம். விடுதிச் செலவையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

மூன்று கேள்விகளுக்கும் சொல்லிவிட்டோம். ஆனால், நம் பிள்ளைகள்தான் இதைப் படிக்க வேண்டுமா, வேறு யாராவது படிக்கக் கூடாதா என்று சிலர் நினைக்கலாம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு சுகாதார மையத்தில் நம் அக்கா ஒருவரிடம், உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று மலாயில் கேட்டால் இல்லை என்பார். பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லோடு அவருக்குப் பழக்கமில்லை. அதையே தமிழில், "ராத்திரி தூக்கம் வருதாக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கம்மா வருது..." என்று தொடங்கி, நெஞ்சு அடைப்பது, தலை கனப்பது, உடம்பெல்லாம் எரிவது, எதிலும் மனசு ஒட்டாதது என்று அரைமணி நேரம் பேசுவார். நம்மவர்கள் மனத்தின் வலியை உடம்பின் பெயரால்தான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு புரிய, அந்தப் பேச்சுக்குள் வளர்ந்தவர் வேண்டும்.

நம் சமூகத்தில் கேட்பவர்கள் இல்லாமல் இருந்ததில்லை. தோட்டத்துக் கடையில் 555 புத்தகத்தில் கடன் எழுதிய கடைக்கார பாய்க்கு, எந்த லயத்தில் எந்த வீட்டில் அரிசி வாங்குவது திடீரென்று குறைந்தது, யார் வீட்டுக் கணக்கில் சிகரெட் ஏறியது என்று தெரியும். சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் ரொட்டி விற்றவருக்கு எந்த வாசலில் யார் அழுத முகத்தோடு வந்தார் என்று தெரியும். சாதி, மதம் பாராமல் அவர்களிடம் சொல்லி அழுதவர்கள் உண்டு. அந்த ஈரம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் கடை வாசலில் சொன்னது சில நேரம் அடுத்த வாசலுக்கும் போய்விடும். ஆறுதல் சொல்வதாக நினைத்து, "எல்லாருக்கும் இருக்கிறதுதான், சபூர் செய்ங்க" என்று மூடிவிடுவதும் உண்டு. எப்போது கேட்பது, எப்போது பேசாமல் இருப்பது, எந்த நிலையில் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதற்கெல்லாம் படிப்பும் பயிற்சியும் வேண்டும்.

இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம் இரகசியம் காப்பது. நாம் அதை அமானிதம் என்கிறோம். கேட்ட விஷயத்தைத் தாயிடம்கூடச் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டுமே, காப்பாற்றுவதற்குத் தேவையானவர்களிடம் தேவையான அளவு சொல்லலாம். எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் நம் போன்ற சிற்றூரில் இது எளிதல்ல. "பொண்ணு பாக்க வர்ற எடத்துல தெரிஞ்சிடுமே" என்ற பயத்தில்தானே நம்மவர்கள் சிகிச்சைக்கே போவதில்லை! அந்தப் பயத்தை நீக்க, வாய் திறக்காத நாலு பேர் நம்மிடம் இருந்தாக வேண்டும்.

இப்போது எங்கள் கோரிக்கை. உளவியல் படிக்கும் பிள்ளையை நாம் மூன்று வகையில் பாதுகாக்க வேண்டும்.

முதலாவது, கேலி செய்யாதீர்கள். "என் மனசுல என்ன இருக்கு, சொல்லு பாப்போம்" என்று கல்யாண வீட்டில் கேட்பது உங்களுக்கு ஒருநாள் வேடிக்கை. அந்தப் பிள்ளைக்கு அது எல்லாக் கல்யாண வீட்டிலும் நடக்கிறது.

இரண்டாவது, அவரை வீட்டு வைத்தியர் ஆக்காதீர்கள். இரண்டாமாண்டு படிக்கும் பெண்ணிடம், "மாமாவும் மாமியும் பேசிக்கிறதில்ல, நீதான் படிக்கிறியே, பேசிச் சரிபண்ணு" என்று சொன்னால், அந்தப் பிள்ளை நிலைகுலைந்து போகும். சொந்த உறவினருக்குச் சிகிச்சை தருவதை இந்தத் தொழிலின் ஒழுக்க நெறி தவிர்க்கச் சொல்கிறது. பட்டம் வாங்கி, பதிவு பெற்ற பிறகும் அப்படித்தான். அவர் மறுத்தால் அது திமிர் இல்லை, பொறுப்பு. வேறு யாரிடம் போகலாம் என்று வழி காட்டுவார். அதுவே பெரிய உதவி.

மூன்றாவது, தூக்கிவிடுங்கள். இளங்கலையோடு நின்றுவிடாமல் முதுகலைவரை போக, நம் வசதியுள்ளவர்கள் ஸக்காத், ஸதகா கொடுக்கும்போது தகுதியுள்ள இந்தப் பிள்ளைகளையும் நினைவில் கொள்ளுங்கள். சங்கத்தின் கல்வி உதவியில் இந்தப் படிப்பையும் மற்றப் படிப்புகளுக்குச் சமமாக வைக்க வேண்டும் என்று நிர்வாகத்தை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக ஒன்று. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டப்பிரிவு நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. மார்க்கத்தில் அது பெரும்பாவம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்த விளிம்பில் நிற்கும் ஒருவர் இனி போலீசுக்குப் பயந்து ஒளிய வேண்டியதில்லை. நமக்குப் பயந்தும் அவர் ஒளியக் கூடாது. உங்கள் வீட்டில் யாராவது, "நான் இல்லாமப் போனா நல்லது" என்று ஒருமுறை சொன்னாலும், அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஏசாதீர்கள், தனியாக விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனைக்கோ சுகாதார மையத்துக்கோ அழைத்துப் போங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணும், 1970-ஆம் ஆண்டிலிருந்து சேவை செய்துவரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் தொலைபேசியில் கேட்கக் காத்திருக்கின்றன. அந்த எண்ணை இப்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். தேவைப்படாமலே இருக்கட்டும் என்று துஆ செய்துகொண்டு பதியுங்கள்.

இந்த ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கம் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்திருக்கிறது, ஏழைக் குமருக்கு நிக்காஹ் நடத்தி வைத்திருக்கிறது, படிக்கும் பிள்ளைக்குப் பணம் கட்டியிருக்கிறது. உயிரோடிருந்து உள்ளுக்குள் வாடுகிறவருக்கும் தோள் கொடுக்க ஆள் சேர்ப்பது அடுத்து நம் முன்னால் இருக்கும் வேலை. அந்த ஆட்கள் இன்று முன்வரிசையில் விண்ணப்பப் பாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தாமார்களே, இந்தக் கூட்டம் முடிந்ததும் வலப்பக்க மேசைக்குப் பிள்ளையோடு வாருங்கள். கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. நம் உள்ளங்களுக்கு ஆறுதலைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.